சிவப்பு நூல் வாங்க வந்தவர்

எங்கள் கட்டடத்துக்கு யாராவது புதிதாகக் குடி வந்தால் ஒரு வாரத்துக்குள் பட்டப்பெயர் வைத்துவிடுவோம். மூன்றாம் மாடிக்கு வந்தவருக்கு ‘மெழுகு’ என்று பெயர் வைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்வது மேல்.

நல்ல உயரம். தலையில் முடி இல்லை என்பதை விடுங்கள், எத்தனையோ பேருக்கு இல்லை. இவருக்குப் புருவமும் இல்லை, இமை முடியும் இல்லை. யாரோ ஒரு முகத்தைச் செய்ய ஆரம்பித்துப் பாதியில் எழுந்து போனதுபோல் இருக்கும். போதாததற்கு, அவர் தலையைத் திருப்பும்போது வலது கண் கூடவே திரும்பும். இடது கண் கொஞ்சம் பின்தங்கி நம் மேலேயே நின்றுவிட்டு, பிறகுதான் கிளம்பும்.

அவர் வந்தது என் கடைக்கு. கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வாசலை ஒட்டி, நூலும் பொத்தானும் ஜிப்பும் விற்கிறேன். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். என் கடையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. “இளம் பச்சை, கிளிப் பச்சை மாதிரி” என்று வாயால் சொல்லிக்கொண்டு வந்தால் நூலை எடுக்கவே மாட்டேன். துணியைக் கொண்டு வர வேண்டும். நூலையும் துணியையும் வாசலுக்கு எடுத்துப் போய், பகல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். ட்யூப்லைட்டில் பார்த்து வாங்கிப் போய், வீட்டில் போய் என்னைத் திட்டுபவர்களை நான் கடைக்குள் விடுவதில்லை.

“பட்டு நூல் வேணும். சிவப்புல” என்றார்.

“சிவப்புல பதினெட்டு இருக்கு. துணி கொண்டு வந்திருக்கீங்களா?”

“துணி இல்லைங்க.”

“அப்ப எதை வச்சு மேட்ச் பண்றது?”

யோசித்தார். “ரத்தச் சிவப்பு. கொட்டினதும் இல்ல, காய்ஞ்சதும் இல்ல. உள்ள ஓடிட்டிருக்கிற சிவப்பு.”

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நூல்கண்டுகளை எடுத்துக்கொண்டு, நான் சொல்லாமலே வாசலுக்குப் போனார். ஒரு நூலைப் பிரித்து, பிரித்ததை மறுபடி பிரித்து, தலைமுடியைவிட மெல்லிய ஒரே ஒரு இழையை எடுத்துக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு கண்டை வாங்கிக்கொண்டு போனார். பதினைந்து வருஷத்தில் அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

கட்டடத்தில் பேச்சு கிளம்ப வேறு என்ன வேண்டும்? எங்கள் படிக்கட்டு பகலிலேயே இருட்டாக இருக்கும். அதில் ஏறினால் இரண்டாம் மாடிக்கு மேல் ஒரு வாசனை வரும். இனிப்பும் மருந்தும் கலந்த, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் வாசனை. இரண்டாம் மாடியில் இருக்கும் தையல்காரம்மா, “மேல அடுப்பு எரியுது, தண்ணி தளதளன்னு கொதிக்குது, ஆனா ஒரு நாள்கூட சமையல் வாசனை வரல. அப்ப எதை வேக வைக்கிறான்?” என்று கேட்டார். மழை மேகம் மூடிய நாட்களில் அந்த ஆள் ஒரு வேலையும் செய்யாமல் வடக்குப் பக்க ஜன்னலில் அசையாமல் நின்று வானத்தையே பார்ப்பார். கீழே தெருவில் போகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள்.

அவரைத் தேடி வருகிறவர்கள் அதற்கும் மேல். முகத்தில் பாதியைத் துணியால் மூடிக்கொண்டு, சுவரோரமாக, யார் கண்ணிலும் படாமல் ஏறிப் போவார்கள். இரண்டு மணி நேரம் கழித்து முகத்தைத் திறந்துகொண்டு, நிமிர்ந்து இறங்கி வருவார்கள். கதவு எண்ணைத் தவிர வெளியே பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. “போறது ஒரு ஆளு, வர்றது வேற ஆளு” என்றார் கட்டடத்துக்கு வெளியே வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரர். அவர் சொன்னதற்குக் கண் காது மூக்கு வைத்து நாலு பேரிடம் சொன்னது நானும் தையல்காரம்மாவும்.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. இதெல்லாம் நடப்பதற்கு ஐந்து மாதத்துக்கு முன் ஆய்வகத்தில் ஒரு குடுவை வெடித்தது. முகத்தில் விழுந்த கீறல்கள் ஆறிவிட்டன. கண்கள் ஆறவில்லை, இரண்டையும் எடுக்கும்படி ஆயிற்று. கட்டுப் பிரித்த அன்று நான் போயிருந்தேன். இமைகள் உள்ளே ஒடுங்கி, மூடியும் மூடாமலும் இருந்த அந்த முகத்தைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதுகூடப் பொய். ஒரு நொடி பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று வெளியே வந்தவள், அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் போன் பண்ணுவேன். கடையில் சரக்கு வந்திருக்கிறது, கணக்கெடுக்கிறோம், காய்ச்சல் என்று ஏதாவது ஒரு சாக்கு. அக்கா எல்லாவற்றுக்கும் “சரிடி” என்பாள்.

அக்காவின் மகள் பாப்பாவுக்கு நாலு வயது. அவளும் என்னைப் போலத்தான். அம்மா இருக்கும் அறைக்குள் போகவே மாட்டாள். “அது அம்மா இல்ல, அம்மா டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு” என்று மாமாவிடம் சொன்னாளாம். தூக்கத்தில் அலறினாள், சாப்பிடவில்லை. கடைசியில் மாமாவின் தங்கை, நாலு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாப்பாவைத் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவதாக முடிவாயிற்று. ‘கொஞ்ச நாளைக்கு’ என்றார்கள். எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை. “அந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்” என்று அக்கா போனில் சொன்னாள். அதற்குள் என்ன மாறிவிடப் போகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

அந்தச் சமயத்தில்தான் மெழுகு என்னைப் பார்க்க ஆரம்பித்தார். அதுவரை நூலைத்தான் பார்ப்பார். இப்போது தினமும் காலை பதினொரு மணிக்கு, வெளிச்சம் நேராக என் மேசை வரைக்கும் வரும் நேரத்தில் வந்து நிற்பார். ஒரு ஊசி கேட்பார், இல்லையென்றால் ஒரு கொக்கி. நான் எடுத்துக் கொடுக்கிற வரைக்கும் என் கண்ணையே பார்ப்பார். சிரிப்பு இல்லை, பேச்சு இல்லை. ஆண்கள் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியாததா? அது இல்லை இது. எனக்குள்ளிருந்து எதையோ எடுத்துப் போக அளவு பார்ப்பதுபோல் இருந்தது. வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று மாடி ஏறுவார், எங்கே மறந்துவிடுமோ என்பதுபோல். இருபத்துமூன்று நாள் இது நடந்தது. ராத்திரி கண்ணை மூடினால் அந்தப் பின்தங்கும் இடது கண்தான் வந்தது.

இருபத்துமூன்றாவது நாள் திங்கட்கிழமை. பிற்பகல் இஸ்திரிக்காரர் பேயறைந்தவர் மாதிரி என் கடைக்குள் ஓடி வந்தார். உள்ளங்கையில் ஒரு பேப்பர் பொட்டலம்.

“அந்த ஆளோட வெள்ளைக் கோட்டுப் பாக்கெட்ல இருந்துச்சு” என்று பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு கண்.

வெள்ளை விழி, அதில் ஓடும் சிவப்பு நரம்புகள், நடுவில் பழுப்பு. நான் ஒரு நொடிதான் பார்த்தேன். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதைக் கையில் வாங்கி வாசலுக்குக் கொண்டு போயிருந்தால், அந்த நரம்பு ஒவ்வொன்றும் நான் விற்ற நூல் என்று எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். ஊருக்கெல்லாம் வெளிச்சத்தில் பார் என்று சட்டம் போட்ட நான், அன்றைக்கு ட்யூப்லைட்டுக்கு அடியில் நின்று தீர்ப்புச் சொன்னேன்.

“மனுஷக் கண்ணுதான்” என்றேன்.

கட்டட உரிமையாளர் வந்தார். போலீஸுக்குச் சொல்லலாம் என்றார். “முதல்ல மேல போய்ப் பார்த்துடலாம், அந்த ஆளு இப்பதான் வெளியே போனாரு” என்று சொன்னதும் நான்தான். தையல்காரம்மா பெரிய கத்தரிக்கோலோடு வந்தார். யாரை வெட்டுவதற்கு என்று அவருக்கே தெரியாது. உரிமையாளரிடம் மாற்றுச் சாவி இருந்தது.

உள்ளே வடக்கு ஜன்னலுக்குக் கீழே ஒரு மேசை. தூரிகைகள், அணைந்த ஸ்டவ்வின் மேல் மூடி வைத்த ஒரு பாத்திரம். சுவரோரம் இழுப்பறைகள். என் கடையில் இருப்பதுபோலவே. உரிமையாளர் ஒன்றை இழுத்தார். வரிசை வரிசையாகக் கண்கள். பஞ்சின் மேல், வெளிர் பழுப்பிலிருந்து கருப்பு வரை நிறவாரியாக, எல்லாமே எங்களைப் பார்த்தன. தையல்காரம்மா அலறிய அலறலில் இஸ்திரிக்காரர் பின்னால் சாய்ந்து இழுப்பறையைப் பிடித்துக்கொள்ள, அது முழுசாகக் கழன்று வந்தது. அத்தனையும் தரையில் கொட்டி, தடதடவென்று உருண்டு, சில நின்று மேலே பார்த்தன, சில கதவு வரைக்கும் போயின.

நான் மேசைப் பக்கம் ஒதுங்கினேன். மேசைமேல் ஒரு சின்னத் தகரப் பெட்டி திறந்திருந்தது. அதில் இரண்டு கண்கள் இருந்தன.

அவை என் கண்கள்.

எங்கள் தெருவில் வேறு யாருக்கும் இல்லாத கண் அது. தேன் நிறம், ஓரத்தில் பச்சை வளையம். என் இடது கண்ணில் கீழ் ஓரமாக ஒரு கரும்புள்ளி உண்டு. அந்தப் புள்ளியும் இருந்தது. கண்ணாடியில் பார்ப்பது வேறு. நாம் இல்லாத இடத்திலிருந்து நம் கண் நம்மைப் பார்ப்பது வேறு. பின்வாங்கியபோது கை பட்டுப் பெட்டி விழுந்தது. காலை ஊன்றினேன். குதிகாலுக்கு அடியில் ஏதோ வழுக்கியது. குனிந்து பார்த்தால் புள்ளி வைத்த கண்ணின் காயாத வண்ணம் முழுக்கத் தரையில் தேன் நிறக் கோடாக இழுபட்டிருந்தது.

கதவில் அவர் நின்றார். கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட். கத்துவார் என்று நினைத்தேன். அவர் ரொட்டியை மேசைமேல் வைத்துவிட்டு முழங்காலிட்டு, உருண்டு கிடந்தவற்றைப் பொறுக்க ஆரம்பித்தார். என் காலடிக்கு வந்ததும் நிறுத்தினார்.

“கொஞ்சம் காலை எடுங்க. அது உங்க அக்காவோடது” என்றார்.

என் குணம் எனக்குத் தெரியும். தப்பு என் பக்கம் என்றால் முதலில் கோபம்தான் வரும். “எங்க அக்காவை உங்களுக்கு எப்படித் தெரியும்? என் கண்ணை யாரைக் கேட்டு எடுத்தீங்க?” என்று கத்தினேன்.

அவர் உட்கார்ந்தபடியே சொன்னார். கண் போனவர்களுக்குச் செயற்கைக் கண் செய்வது அவர் தொழில். வருகிறவர்கள் மறைந்து வருகிறார்கள், அதனால் பலகை வைப்பதில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லி, அவரே அக்கா வீட்டுக்குப் போய் அளவு எடுத்திருக்கிறார். ஒரு கண் மட்டும் போனால் இன்னொரு கண்ணைப் பார்த்து வண்ணம் தீட்டலாம். இரண்டும் போனால் எதைப் பார்ப்பது? போட்டோவில் நிறம் சரியாக வராது.

“தங்கச்சிக்கும் அதே கண்ணுதான், உங்க கட்டடத்துலயே கடை வச்சிருக்கான்னு சொன்னாங்க. நேரா உக்கார வச்சுப் பார்க்கலாமேன்னு கேட்டேன். வேணாம்னுட்டாங்க.”

“ஏன்?”

சொல்லத் தயங்கினார். “‘அவ பயந்தவ. சொன்னா அழுவா, அப்புறம் கடையையே பூட்டிட்டு ஓடிடுவா. நீங்களே போய்க் கொஞ்சம் கொஞ்சமாப் பார்த்துக்கோங்க’ன்னாங்க.” பிறகு, “ஞாயித்துக்கிழமைக்குக் குடுக்கிறதா சொல்லியிருந்தேன்” என்றார்.

உரிமையாளர் தொண்டையைச் செருமினார். தையல்காரம்மா கத்தரிக்கோலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது.

“எத்தனை நாள் வேணும்?” என்று கேட்டேன்.

“நீங்க ஓடாம உக்காந்தீங்கன்னா நாலு காலை. வெயில் இருக்கணும்.”

மறுநாளிலிருந்து என் கடை வாசலில் இரண்டு ஸ்டூல் போட்டோம். அறைக்கு வரச் சொல்ல அவருக்குத் தயக்கம்; எனக்கோ, தெருவே பார்க்கட்டும் என்ற வீம்பு. ஒரு முழத் தூரத்தில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் என் கண்ணைப் பார்ப்பார், ஒரு புள்ளி வைப்பார், மறுபடி பார்ப்பார். “இமைக்கலாம், தப்பில்ல” என்றார். அவர் என்னைப் பார்க்கும்போது எனக்கும் அவரைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பயம் போக இரண்டு நாள் ஆயிற்று. போன பிறகுதான் அவருடைய இடது கண்ணும் அவரே செய்தது என்பதைக் கவனித்தேன். அதிலும் சிவப்பு இழைகள் ஓடின.

ஒன்பது வயதில் கவண் கல் பட்டுப் போன கண் அது. முடி கொட்டியது பிற்பாடு வந்த ஒரு நோயில்.

“புருவம் ஒட்டிக்கலாமே, சார்?” என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

“ஒட்டிக்கிட்டேன். ஒரு வீட்டுக்காரம்மா முன்னாடி பேசிட்டிருக்கும்போதே ஒண்ணு கழண்டு விழுந்துடுச்சு. அன்னிக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.” அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, அப்புறம் வாயை மூடிக்கொண்டேன்.

இதுவரை எத்தனை வீடு மாறியிருக்கிறார் என்று கேட்டேன். பதினொன்று என்றார். ஒவ்வொரு இடத்திலும் ஏழெட்டு மாதம். யாராவது ஒரு இழுப்பறையைத் திறப்பார்கள். “ஊருக்கே முகம் செஞ்சு குடுக்கிறேன், என் முகத்துக்குத்தான் வாடகைக்கு வீடு கிடைக்கல” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. நிறம் கலக்குவதும், தண்ணீர் கொதிக்க வைத்துக் கண்ணுக்கு அந்த மருந்து வாசனை மேல்பூச்சை இறுக விடுவதும், ரொட்டி தின்பதும், வெயிலுக்குக் காத்திருப்பதும்தான் அவருடைய நாட்கள்.

வியாழக்கிழமை வானம் இருட்டிக்கொண்டது. நாங்கள் இருவரும் ஸ்டூலில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் போனவர்கள் என்னையும் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமை வெயில் வந்தது. இடது கண்ணின் ஓரத்தில் அவர் தூரிகையை வைக்கப் போனபோது நான் அவர் கையைப் பிடித்தேன்.

“அந்தப் புள்ளி எனக்குத்தான். அக்காவுக்குக் கிடையாது. சின்ன வயசுல எதிரெதிர உக்காந்து எண்ணியிருக்கோம்.”

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். “போன தடவை தப்பாப் பண்ணியிருந்தேன்” என்றார்.

ஞாயிறு காலை அவரோடு அக்கா வீட்டுக்குப் போனேன். மாமாவின் தங்கை ஏற்கனவே வந்திருந்தாள். பாப்பாவின் பை கதவருகே தயாராக இருந்தது. பாப்பா அவரைப் பார்த்ததும் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்தாள். அவர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் நேரே அக்காவின் அறைக்குள் போனார். நான் வாசலில் நின்றேன். அவர் திரும்பி, “தலையைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்” என்றார்.

பொய்தான். அக்கா தலையை ஆட்டாமல் உட்காரத் தெரிந்தவள். ஆனாலும் போனேன். பின்னால் நின்று அவள் கன்னங்களைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஒடுங்கிய இமைகள், நெற்றித் தழும்பு, காதோரம் நரைத்த இரண்டு முடி. ஐந்து மாதமாக என்னைத் துரத்திய முகம் இதுதானா என்று இருந்தது. அது என் அக்கா, அவ்வளவுதான். யார் பிடித்திருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவர் ஒவ்வொன்றாகப் பொருத்தி, இமையை இழுத்துவிட்டுச் சரிபார்த்தார். அக்கா கண்ணைத் திறந்தாள்.

கதவோரத்தில் பாப்பா வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

“கண்ணு திரும்பி வந்துடுச்சா?” என்றாள்.

“வந்துடுச்சு” என்றாள் அக்கா.

“என்னைத் தெரியுதா?”

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா முந்திக்கொண்டாள். “தெரியலடா கண்ணு. இது சும்மா பார்க்க அழகா இருக்கிறதுக்கு. கிட்ட வந்தீன்னா யாருன்னு கண்டுபிடிச்சிடுவேன்.”

பாப்பா யோசித்தாள். பிறகு ஒவ்வொரு காலாக வைத்து வந்து, தூரமாகவே நின்று கையை மட்டும் நீட்டினாள். அக்கா அந்தக் கையைத் தடவி, முழங்கை, தோள், காது என்று மேலே போய், “இந்தக் காதுல அழுக்கு இருக்கு. இது எங்க வீட்டுப் பிள்ளைதான்” என்றாள். பாப்பா சிரித்துவிட்டாள். மாமாவின் தங்கை வெளியே போய்ப் பையைத் திறந்து துணிகளை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

அவர் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினார். அடுத்த மாதம் எங்கள் கட்டடத்தையும் காலி செய்தார். உரிமையாளரிடம் நான் எவ்வளவோ சண்டை போட்டேன்; இஸ்திரிக்காரரும் என்னோடு சேர்ந்து பேசினார். குடியிருப்பவர்கள் படிக்கட்டில் ஏறப் பயப்படுகிறார்களாம். நான் வைத்த பெயரையும் கட்டிய கதையையும் என்னாலேயே திரும்ப வாங்க முடியவில்லை.

ஆனால் அது பிறகு. அன்றைக்கு எல்லோரும் வெளியே போன பின் நான் மூச்சுவிடாமல் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“எனக்குத் தெரியும், நீ இருக்கே” என்றாள் அக்கா. “வந்துட்டியேடி. எனக்கு அது போதும்.”

அவள் முகத்தைத் திருப்பி, நான் நிற்பதாக அவள் நினைத்த இடத்தைப் பார்த்துச் சிரித்தாள். அது அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடம். நான் சத்தம் போடாமல் அங்கே போய் நின்றுகொண்டேன்.